பாலை நிறுத்தணுமா?

கேள்வி: ஓடும்போது மயங்கி விழுந்த என் அண்ணன் மகளுக்கு ‘சிபிவிடி’ என்ற பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறாம், இதய செல்லில் கால்சியம் கசிகிறதாம். பாலை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள். கசிவது அந்த செல்லுக்குள்ளேயே கிடங்கு போலச் சேர்த்து வைத்திருக்கும் கால்சியம். அதன் கதவு ரையனோடின் ஏற்பி என்ற புரதம். செல்லுக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் வந்து தொட்டதும் திறக்கும், தசை சுருங்கும், அப்புறம் அடுத்த துடிப்பு வரை மூடியே இருக்கும்படி மக்னீசியமும் கால்மோடுலின் என்ற இன்னொரு புரதமும் அதை அடக்கி வைக்கின்றன. இந்த நோயில் பெரும்பாலும் அந்தக் கதவுப் புரதத்தை உருவாக்கும் ஆர்ஒய்ஆர்2 மரபணுவில் பிழை (2001-ல் கண்டுபிடித்தார்கள்). ஓட்டத்திலோ பயத்திலோ அட்ரினலின் ஏறும்போது கதவு நேரம் தவறித் திறந்து, துடிப்பு தாறுமாறாகிவிடும். ஓய்வில் எடுத்த இசிஜி சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். டாக்டர் தரும் பீட்டா பிளாக்கரை (இதயத்தில் அட்ரினலினின் வேகத்தைத் தடுக்கும் மருந்து) ஒரு வேளைகூட விடக்கூடாது. அண்ணன், அண்ணி, மற்ற பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.