மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது தோல் வெந்து போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து 15 நாள் கரண்ட் வைக்கப் போகிறார்கள், தோல் கருகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி அவர் சாப்பிடவே மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பயத்தோடுதான் நானும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கினேன். எனக்கு இடது பக்கம், 15 சிட்டிங். முடிந்து இரண்டு வருடம் ஆகிறது.

நம் ஊரில் கரண்ட் என்று சொல்கிறோமே தவிர, உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. இது கதிர்வீச்சு சிகிச்சை. எக்ஸ்ரே மாதிரிதான், வீரியம் பல மடங்கு அதிகம். படுத்திருக்கும் சில நிமிடங்களில் சூடும் தெரியாது, வலியும் தெரியாது. மேல்தோலின் அடிப்பகுதியில் புதுச் செல்களை உண்டாக்கும் அடுக்கை அந்தக் கதிர் தாக்குகிறது. மேல்தோல் தேயத் தேய அடியிலிருந்து ஈடு வருவதில்லை. அதனால்தான் முதல் வாரம் ஒன்றுமே இல்லாமல், இரண்டு மூன்று வாரம் கழித்து எரிச்சல் தலைகாட்டுகிறது. ஓரளவு மாற்றம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். அது புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் நிறையவே இருக்கிறது.

அம்மாவுக்கு 15 நாள் என்பதே நல்ல செய்தி. முன்பெல்லாம் 25 நாள், 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுப்பார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு 15 நாளில் 40 கிரே என்பது பரவலாக வந்துவிட்டது. நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவில்லை, தோலுக்கும் சிரமம் குறைவு. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

முதல் நாளே டாக்டரிடம் கேட்க வேண்டியது மொமெட்டாசோன் களிம்பு. இது ஸ்டீராய்டு. எரிச்சல் வந்த பிறகு பூசுவதைவிட, முதல் சிட்டிங்கிலிருந்தே பூசினால் தோல் மோசமாவது குறைகிறது என்று ஆய்வுகளிலேயே தெரிந்த மருந்து. எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள். எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தோல் உரிந்து ஈரமான இடத்தில் பூசக் கூடாது. இன்னொன்று, தயவுசெய்து சீட்டு இல்லாமல் மெடிக்கலில் பேர் சொல்லி வாங்காதீர்கள். முகம் வெளுக்க என்று விற்கும் சில களிம்புகளில் மொமெட்டாசோனோடு ஹைட்ரோகுயினோனும் ட்ரெடினாயினும் கலந்திருக்கும். கதிர் பட்ட தோலில் அது பட்டால் எரிச்சல் இன்னும் கூடும். ட்யூபின் மேல் மொமெட்டாசோன் மட்டும்தான் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

தண்ணீரே படக் கூடாது என்று எனக்கு ஒருவர் சொல்லி, சித்திரை வெயிலில் நான்கு நாள் கழுத்துக்குக் கீழே தண்ணீர் விடாமல் இருந்தேன். வியர்வை ஊறி அரிப்பு வந்ததுதான் மிச்சம். டாக்டர் கேட்டுவிட்டு, "யாரும்மா அப்படிச் சொன்னது? தாராளமாகக் குளிங்க" என்றார். வெதுவெதுப்பான தண்ணீர், மணமில்லாத சோப்பு, கையால் மெதுவாகக் கழுவினால் போதும். நார், மஞ்சள், கடலைமாவு எதையும் அந்த இடத்தில் தேய்க்கக் கூடாது. கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்ட மார்க்கரில் போட்ட கோடு மங்கினால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், வீட்டில் பேனாவால் வரைந்துகொள்ள வேண்டாம். சோற்றுக்கற்றாழை பற்றி எல்லோரும் சொல்வார்கள். குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் சோதித்துப் பார்த்தபோது தோலைக் காத்ததாகத் தெரியவில்லை.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. தோல் முதலில் விட்டுக்கொடுப்பது மடிப்பில்தான்: மார்புக்கு அடியிலும் அக்குளிலும். உரசலும் ஈரமும் சேரும் இடம் அது. முதல் வாரம் தினமும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். மேலே குளிர்ச்சிதான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடித்து ஆட ஆட, கை விலாவோடு உரசிக்கொண்டே வந்தது. அடுத்த வாரம் அம்மாபேட்டையில் சின்னம்மா வீட்டில் தங்கிவிட்டேன். சின்னம்மா, சித்தப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, உள்ளங்கை அகலத் துண்டுகளாக மடித்து வைத்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆன துணி. குளித்ததும் ஒற்றித் துடைத்து, இடது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேசை ஃபேன் முன்னால் பத்து நிமிடம் உட்காருவேன். ஈரம் முழுதும் காய்ந்த பிறகு ஒரு துண்டை மார்புக்கு அடியில் வைத்துக்கொள்வேன். வியர்த்தால் அடுத்த துண்டு. பவுடர் போடவே இல்லை. பிரா, இறுக்கமான ஜாக்கெட் இரண்டையும் விட்டுவிட்டு, முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டிதான். தாலிக்கொடியைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். சின்னம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

தோல் சிவக்கும் என்று எல்லாவற்றிலும் எழுதியிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, கருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். இழுக்கிறதா, எரிகிறதா, அரிக்கிறதா என்று தினமும் அம்மாவிடம் கேளுங்கள்.

அப்புறம், நான் செய்த தவறு. 15-வது சிட்டிங் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று களிம்பை நானே நிறுத்திவிட்டேன். எட்டாம் நாள் ஒரு காதுகுத்துக்குப் பட்டுச்சேலை, இறுக்கமான ஜாக்கெட். அன்று இரவு கழற்றும்போது மார்புக்கு அடியில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் ஜாக்கெட்டோடு வந்துவிட்டது, நீர் கசிந்தது. கரண்ட் நின்ற பிறகு ஒன்றிரண்டு வாரத்தில்தான் தோல் உச்சமாகப் பாதிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் போனபோது நர்ஸ் அக்கா புண்ணில் ஒட்டாத சிலிகோன் டிரெஸிங் வைத்தார், சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டவில்லை. இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. அம்மாவுக்கு இப்படி நீர் கசிந்தாலோ, சீழ், வாடை, காய்ச்சல் இருந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

கடைசி சிட்டிங்குக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரமாவது விசேஷம் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். வேட்டித் துண்டு ஒரு இருபதாவது வேண்டியிருக்கும், இந்த வாரமே கிழித்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.