பழைய அம்பாசடரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தலாமா?

தாராளமாகப் பொருத்துங்கள். இரண்டுமே இன்ஜினோடு சேர்ந்து சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுபவைதான்; டைனமோ பழைய காலத்துச் சாதனம், ஆல்டர்னேட்டர் அதற்குப் பின் வந்தது. "வண்டியின் அசல் தன்மை போய்விடும்" என்று யாரோ உங்களை மிரட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எங்களிடம் இருப்பது அப்பா வாங்கிய மார்க் 2 அம்பாசடர். ஒரு மழை இரவில் திண்டிவனத்திலிருந்து குடும்பத்தோடு வரும்போது, செங்கல்பட்டு அருகே நெரிசலில் சிக்கிக்கொண்டோம். வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் டைனமோவிலிருந்து சார்ஜ் ஏறாது. சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ஹெட்லைட் மஞ்சளித்தது, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அம்மா கதவுக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டித் துடைத்துக்கொண்டே வந்தார். பராமரிப்பு சரியில்லை என்று இங்கே எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: ஆர்மேச்சர் என்கிற உள்சுருளைப் புதிதாகச் சுற்றி, அதை உரசும் கார்பனையும் மாற்றிய டைனமோ அது. அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ, இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போதே 22 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட் மட்டுமே அதில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும்.

இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் தருவது ஆல்டர்னேட்டர். மறு மாதமே அதற்கு மாற்றிவிட்டேன். வேலையைத் தொடங்கும் முன் எர்த் எந்தப் பக்கம், அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதனுள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு அந்த நிமிடமே போய்விடும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த வயர் புதிதாக இழுக்க வேண்டும். சிவப்பு விளக்கின் பல்பைத் தூக்கி எறியாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் கொடுக்கத் தொடங்குவதே அதன் வழியாக வரும் சிறு மின்சாரத்தால்தான். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய கட்-அவுட் பெட்டி, வேலை எதுவும் இல்லாமல் வெறுமனே இருந்த இடத்தில் இருக்கட்டும். டைனமோவைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். வேண்டுமென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இதில் எந்த மதிப்பு குறைகிறது?

கண்காட்சிக்கு மட்டும் வண்டியை எடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரவில் ஓட்டுபவனின் கஷ்டம் வேறு.

மெக்கானிக்கிடமும் சொல்லி வையுங்கள்: டைனமோ காலத்துப் பழக்கத்தில், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சார்ஜ் சோதிக்கவே கூடாது. ஆல்டர்னேட்டர் பாழாகிவிடலாம்.