கேளுங்கள், சொல்கிறோம்: தருமபுரி – கிருஷ்ணகிரி வாசகர் பக்கம்

புதுசா வாங்கின போனை ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கினேன். அண்ணன் கேலி செய்கிறார். இது மூடநம்பிக்கையா?
(கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்)

தந்தி வந்த காலத்திலேயே தந்திக் கருவிக்கென்று ஓர் ஆசீர் செபம் உரோமைச் சடங்கு நூலில் ஏறிவிட்டது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிக்கும் ஒன்று உண்டு. 1984-ல் வந்த ஆசியுரை நூலிலும் தொழில்நுட்பக் கருவிகளுக்கான சடங்கு இருக்கிறது. தொலைக்காட்சிக்கு அசிசியின் புனித கிளாராவைப் பாதுகாவலியாகத் திருத்தந்தை 12-ம் பயஸ் 1958-ல் அறிவித்தார். அப்படியிருக்க, போனுக்கு மட்டும் என்ன வெட்கம்?

ஆனால் அந்தச் செபங்கள் கருவிக்குள் எந்தச் சக்தியையும் இறக்குவதில்லை. கையாளுகிறவர் நல்லதற்குக் கையாளட்டும் என்றுதான் வேண்டுகின்றன. மந்திரித்த போனும் கீழே விழுந்தால் உடையும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டிவிடுங்கள். தீர்த்தம் பட்டிருந்தால் சார்ஜிங் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உதறி, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். தீர்த்தத்தில் உப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. உப்பு ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் முள் அரித்துவிடும்.

கோயில் வளாகத்து போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தோம். 410 காட்டியது. 500-க்குள் இருந்தால் நல்ல தண்ணீர் என்றார் கடைக்காரர். ஆனால் மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு. மீட்டர் பொய் சொல்கிறதா?
(அன்பியப் பொறுப்பாளர், பென்னாகரம்)

மீட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை அளந்து, ஒரு பெருக்கல் போட்டு, கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தைத் தோராயமாகக் காட்டும். அந்த மொத்தத்தில் எது என்ன என்று அதற்குத் தெரியாது. 410-ல் ஃபுளோரைடு அரை மில்லிகிராமா, மூன்று மில்லிகிராமா என்றாலும் திரையில் பெரிய வித்தியாசம் வராது. பிள்ளைகளின் பல்லுக்கோ அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து ஆழ்துளைத் தண்ணீரில் சேர்வது பழைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரிதும் அதற்காகத்தான். அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள். ‘சமைக்கவும்’ என்பதை மறக்க வேண்டாம். குடிப்பது மட்டும் கேன் தண்ணீர், சோறும் குழம்பும் போர் தண்ணீர் என்றால் ஃபுளோரைடு சோற்றோடு உள்ளே போய்விடும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாகும். யூ.வி. விளக்கு மட்டும் உள்ள சுத்திகரிப்பானாலும் இதில் பயனில்லை. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியைப் பிடித்துவிடும், ஆனால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல இயந்திரங்களில் சவ்வுக்கு அருகே ‘டிடிஎஸ் கண்ட்ரோலர்’ என்று சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னதும், மாட்ட வந்தவர் அதைத் திறந்துவிட்டுப் போவார். அது சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் சுத்தத் தண்ணீரோடு கலக்கும் வால்வு. ருசி திரும்பும், ஃபுளோரைடும் கூடவே திரும்பும். உங்கள் ஊரில் அதை முழுக்க மூடி வைப்பதே சரி. கழிவுக் குழாயில் வரும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் கூடுதல். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள், மாட்டுத் தொட்டியில் விடாதீர்கள்.

முதலில் சோதனை. மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்டு, 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு ஒட்டும். இடம், தேதி எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், ஏறக்குறைய 8 வயது வரை, உள்ளே போகும் ஃபுளோரைடுதான் கோடாக நிற்கிறது. வந்த கோடு பல் தேய்ப்பதால் போகாது. அடுத்த பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம்.

மாமியார் ஆர்.சி. (கத்தோலிக்கர்), நான் சி.எஸ்.ஐ. (சீர்திருத்த சபை) குடும்பத்திலிருந்து வந்தவள். இரவு செபத்தில் போனில் வேதாகமம் வாசித்தால் “இது நம்ம பைபிள் இல்லையே” என்கிறார். தோபித்து ஆகமம் தேடினால் வரவே இல்லை. ஆப் பழுதா?
(இல்லத்தரசி, பர்கூர்)

ஆப்பில் பழுது இல்லை. நீங்கள் இறக்கியிருப்பது ‘பரிசுத்த வேதாகமம்’, 66 நூல்கள். மாமியார் கேட்டுப் பழகியது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’. கத்தோலிக்கர் கணக்கில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டும் கூடுதல். தானியேலிலும் 13, 14 அதிகாரங்கள் அதிகம்.

பெயர்களும் வேறு. உங்கள் யாத்திராகமம் அவருக்கு விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். நீங்கள் ‘கர்த்தர்’ என்றால் அவர் ‘ஆண்டவர்’ என்பார். தேடும்போது இதை நினைவில் வைத்தால் பாதித் தலைவலி குறையும். அவர் பெட்டியில் பழைய கத்தோலிக்கச் சங்கீதப் புத்தகம் இருந்தால் எண்ணும் பெரும்பாலும் ஒன்று பின்தங்கும்: உங்கள் 51-ம் சங்கீதம் அதில் 50.

இரண்டு ஆப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலும் படிக்க முடிகிறதா என்று விமானப் பயன்முறையில் போட்டுப் பாருங்கள். செபம் முடியும்வரை அதே நிலையில் விட்டால் வாட்ஸப் மணியும் அடிக்காது. ஒரே பகுதியை ஒரு நாள் அந்தப் பதிப்பில், மறுநாள் இந்தப் பதிப்பில் வாசித்துப் பாருங்கள். சண்டைக்கு அல்ல, ருசிக்காக.

பாடற்குழுவின் 600 பாட்டுகள் பாமினியில் தட்டச்சு செய்தவை. புரொஜெக்டர் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. யூனிகோடுக்கு மாற்றியும் பாதிப் பாட்டு தேடலில் சிக்கவில்லை.
(பாடற்குழுத் தலைவர், எலத்தகிரி)

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலமேதான். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது, அவ்வளவுதான். மாற்றியது சரி, ஆனால் மாற்றியபின் சலிக்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் கோளாறு ‘ர’. பழைய தட்டச்சில் ‘ர்’ போட வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். அச்சில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மாற்றியபின் ‘ஆண்டவர்’ என்பது ‘ஆண்டவா்’ என்று உட்காரும். ‘மரியே’ என்பது ‘மாியே’ ஆகியிருக்கும். கண்ணுக்கு ஏமாற்று, தேடலுக்குக் குருடு. துணைக்காலை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது என்பதால் இதை அஞ்சாமல் மொத்தமாக மாற்றலாம்: ‘ா்’ → ‘ர்’, ‘ாி’ → ‘ரி’, ‘ாீ’ → ‘ரீ’. மூன்று ஓட்டத்தில் 600 பாட்டும் முடிந்துவிடும்.

இரண்டாவது ‘ஔ’காரம். ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ ஆகியிருக்கும்: ஒற்றைக்கொம்பு, ம, பிறகு ள. இங்கே மொத்த மாற்றம் செய்தால் தொலைந்தீர்கள். ‘வெள்ளி’, ‘தெளித்தருளும்’, ‘வெளிச்சம்’ எல்லாவற்றிலும் அதே ‘ெள’ முறையாகவே இருக்கிறது. எல்லாம் ‘வௌ்ளி’ என்று நாறிப்போகும். ‘மெளன’, ‘கெளரவ’, ‘பெளர்ணமி’ என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். பாட்டுகளில் பத்துச் சொல்கூடத் தேறாது.

மூன்றாவது சிரிப்புக்குரியது. வரிகளுக்கு மேல் கீபோர்டுக்காக ஆங்கில எழுத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) குறித்திருந்தால் மாற்றும் மென்பொருள் அதையும் தமிழ் என்று நினைத்துக்கொள்ளும். சி மேஜர் ‘ஊ’ என்றும், ஜி மேஜர் ‘பு’ என்றும் வந்து நிற்கும். மாற்றுவதற்கு முன்பே கார்டு வரிகளைத் தனிக் கோப்புக்கு வெட்டிவிடுங்கள்.

மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் வையுங்கள். பல்லவி, சரணம் பிரித்து ஒரு திரைக்கு 4 வரிக்கு மேல் போகாமல் போடுங்கள். கடைசி பெஞ்சுப் பாட்டிக்கு எழுத்தளவு 44 புள்ளிக்குக் குறைந்தால் தெரியாது. எழுத்துரு லதா, நிர்மலா, நோட்டோ எதுவானாலும் சரி. எல்லாம் யூனிகோடு என்பதால் இனி எந்தக் கணினியிலும் குப்பை வராது.

ஓசூர் பக்கம் ஆலையில் ஞாயிறு காலை ஷிப்ட். போனில் நேரலைப் பூசை பார்த்தால் ஞாயிறு பூசைக்குப் போக வேண்டிய கடன் தீருமா?
(ஆலைத் தொழிலாளி, சூளகிரி)

தீராது. ஆனால் நீங்கள் நினைப்பதைவிட வழி எளிது. முந்தின நாள் மாலைப் பூசையில் பங்கேற்றாலே ஞாயிறு கடன் நிறைவேறும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1248. சனி மாலையும் ஷிப்ட் என்றால் ஞாயிறு மாலைப் பூசை உள்ள பங்கைப் பாருங்கள். அதுவும் முடியாமல் வேலை கட்டிப்போட்டால் அது தக்க காரணம். ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நேரலை படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆறுதல், உங்களுக்கு வாசகம் கேட்க உதவி. இணையத்தில் அருளடையாளங்கள் (நற்கருணை போன்ற திருச்சடங்குகள்) இல்லை என்று வத்திக்கானின் சமூகத் தொடர்பு அவை 2002-லேயே எழுதிவிட்டது.

வாசக மேடை மைக் கீச்சிடுகிறது. அதை அடக்க ஒரு கருவி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(உபதேசியார், மத்திகிரி)

பணத்தைப் பையிலேயே வையுங்கள். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் கீச்சல். ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் சுவரில் இருந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. மைக்கைவிட மக்கள் பக்கம் 2 மீட்டராவது முன்னே தள்ளி மாட்டுங்கள்.

அடுத்து வாசிப்பவர். ஒரு முழம் தள்ளி நின்று மெல்லப் படிப்பார், ஆபரேட்டர் ஒலியைக் கூட்டுவார், மைக் அலறும். 30 செ.மீ. தூரத்தை 15 ஆக்கினால் மைக்குக்குள் போகும் குரல் 6 டெசிபெல் கூடும். அந்த அளவு ஒலிப்பெருக்கியைக் குறைக்கலாம். கைமைக் என்றால் வலைத் தலையைக் கையால் பொத்தக் கூடாது. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளும் அமைப்பு அங்கேதான் இருக்கிறது, அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். பாடற்குழுவின் மைக்குகளை வாசக நேரத்தில் மூடுங்கள். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் கீச்சல் 3 டெசிபெல் முன்னாலேயே வரும். எக்கோ பொத்தானை வாசகத்துக்குப் பூஜ்யத்தில் வையுங்கள்; மார்பிள் தரை தன் பங்குக்கு எதிரொலிப்பது போதும்.

கிறிஸ்துமஸ் கேரல் வண்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: இரவு 10 மணி முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. அரசு தனியாகத் தளர்த்தும் நாட்கள் மட்டும் விலக்கு.

பையன் போனை விடுவதில்லை. புனித கார்லோ அக்குத்திஸ் படம் வாங்கி மாட்டினேன். “அவரும் கம்ப்யூட்டர் பைத்தியம்தானே” என்கிறான்.
(ஒரு தாய், பாலக்கோடு)

பையன் பாதிதான் படித்திருக்கிறான். 1991-ல் பிறந்து 2006-ல் இரத்தப் புற்றால் இறந்து, 2025 செப்டம்பர் 7-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட அந்தப் பையனுக்குக் கணினி விளையாட்டு பிடிக்கும், ஆனால் வாரத்துக்கு 1 மணி நேரம் என்று தனக்கே வரம்பு போட்டிருந்தான். மீதி நேரத்தில் நற்கருணைப் புதுமைகளை (அற்புதங்களை) திரட்டி இணையதளம் செய்தான். உங்கள் மகனின் போனிலேயே நேர வரம்பு வைத்தால் அவனே நீக்கிவிடுவான். ஃபேமிலி லிங்க் ஆப்பை உங்கள் போனில் வைத்து அங்கிருந்து வரம்பு போடுங்கள். இரவில் சார்ஜர் நடுக்கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

நேரலைக்காகத் தூணில் பொருத்திய பழைய போன் இரவும் பகலும் சார்ஜிலேயே இருக்கும். இப்போது பின்மூடி உப்பிவிட்டது. அழுத்தி ஒட்டலாமா?
(இளைஞர் இயக்கம், ஊத்தங்கரை)

அழுத்தவே கூடாது. வெப்பத்தில் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கும் லித்தியம் பேட்டரியின் உள்திரவம் சிதைந்து வாயுவாகும், அதுதான் உப்பல். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்து, மணல் போட்ட மண்சட்டியில் வெளித் திண்ணையில் வையுங்கள். திருவுடை அலமாரிக்குள் போட வேண்டாம். குப்பை வண்டியிலும் போடாமல், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்குமிடத்திலோ கொடுங்கள். 2022 விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

அடுத்த போனில் பேட்டரி பாதுகாப்பு என்ற அமைப்பை 80 சதவீதத்தில் நிறுத்தி, சார்ஜரை டைமர் பிளக்கில் மாட்டி, பூசைக்கு 1 மணி நேரம் முன்பு ஓடி பூசை முடிந்ததும் நிற்கும்படி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில், ஜன்னல் வெயில் விழும் தூணில் மாட்டாதீர்கள். திருவிழாவுக்குக் கட்டிய துணித்தோரணம் அந்தத் தூணில் இன்னும் இருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள்.