நெல்லையில் எந்த வானொலிக்கு நேயர்கள் அதிகம்? யார் சொல்லும் கணக்கை நம்புவது?

கேட்கப்பட்ட கேள்வி: "பாளையங்கோட்டையில் சிறிய பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வானொலியில் விளம்பரம் கொடுக்கலாம் என்று விசாரித்தால், அரசு வானொலியும் தங்களுக்கே நேயர்கள் அதிகம் என்கிறது, தனியார் பண்பலைகளும் அதையே சொல்கின்றன. இதை உண்மையில் எப்படி அளக்கிறார்கள்?"

பல ஆண்டுகளுக்கு முன், படிப்பு முடிந்து வேறு வேலை கிடைக்காத நாட்களில், ஊடக ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக நம் பகுதியில் சில மாதங்கள் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் நாட்குறிப்பைக் கொடுத்து, எப்படி நிரப்புவது என்று விளக்கி, ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கி வருவதுதான் வேலை. அந்த அனுபவத்தையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். உங்களிடம் பேசிய இரு தரப்பினரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நூறு பேர் இருக்கும் ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களில் அறுபது பேர் காலையில் பத்து நிமிடம் ஒரு நிலையத்தில் செய்தி கேட்டுவிட்டு வானொலியை அணைத்துவிடுகிறார்கள். வேறு இருபது பேர், தையல் கடையிலோ பட்டறையிலோ உட்கார்ந்தபடி, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இன்னொரு நிலையத்தில் பாட்டுக் கேட்கிறார்கள். ஆட்களை எண்ணினால் முதல் நிலையத்துக்கு அறுபது, இரண்டாவதற்கு இருபது. கேட்ட நேரத்தைக் கூட்டினால் முதல் நிலையத்துக்கு 600 நிமிடம், இரண்டாவதற்கு 3,600 நிமிடம். ஆட்களின் எண்ணிக்கையை இத்துறையில் 'ரீச்' என்றும், மொத்தக் கேட்பு நேரத்தில் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் பங்கை 'ஷேர்' என்றும் சொல்வார்கள். அந்தத் தெருவில் இரு நிலையங்களும் "நாங்களே முதலிடம்" என்று பலகை வைத்துக்கொள்ளலாம், இரண்டு பலகையும் உண்மையாகவே இருக்கும்.

இவற்றோடு மூன்றாவதாக ஓர் எண்ணும் உலவுகிறது. அரசு வானொலியான ஆகாசவாணி நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 92 விழுக்காட்டையும், மக்கள்தொகையில் 99.19 விழுக்காட்டையும் எட்டுவதாக அதை நடத்தும் பிரசார் பாரதி சொல்லி வருகிறது. அலைபரப்பு எட்டுகிறது என்பதுதான் அதன் பொருள், அத்தனை பேரும் பெட்டியைத் திறந்து கேட்கிறார்கள் என்பதல்ல. தாமிரபரணித் தண்ணீர் ஊருக்குள் குழாயில் வருகிறது என்பதற்கும், எத்தனை வீட்டில் குடம் நிரம்பியது என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. விளம்பரம் விற்பவர்கள் சில நேரம் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது.

இனி நாட்குறிப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வாரத்தின் ஒவ்வொரு நாளும் கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த நிலையத்தைக் கேட்டார்களோ அங்கே கோடு போட வேண்டும். பிரிட்டனில் ஒருவரை ஒரு நிலையத்தின் நேயராகக் கணக்கில் சேர்க்க, அந்த வாரத்தில் ஏதேனும் ஒரு கால் மணிக் கட்டத்துக்குள் குறைந்தது ஐந்து நிமிடம் அவர் கேட்டிருந்தால் போதும். இந்த விதியை ஏட்டில் படிக்கும்போது எளிதாக இருக்கிறது. முக்கூடல் பக்கம் ஒரு பீடி சுற்றும் அக்காவின் திண்ணையில் உட்கார்ந்து இதையே விளக்கியபோதுதான் அதன் சிரமம் எனக்குப் புரிந்தது.

அவர் மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும், தலைக்கு மேலே ஆணியில் தொங்கும் ஒரு சிறிய வானொலிப் பெட்டி. காலை எட்டு மணிக்கு எந்த நிலையம் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டேன். "அது எனக்கு என்ன தெரியும் தம்பி, அது பாட்டுக்குப் பாடிக்கிட்டுக் கெடக்கு" என்றார். மேலும் கேட்டபோது "சூரியன்தான்" என்றார். பெட்டியின் முள்ளைப் பார்த்தால் அது சூரியன் பண்பலையின் 93.5-இல் இல்லை, வேறோர் இடத்தில் நின்றது. அவருக்குப் பண்பலை என்றாலே சூரியன்தான். நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்று நாம் சொல்வதைப் போல. எவ்வளவு நேரம் கேட்டார் என்பதற்கும் மணிக்கணக்கில் பதில் வரவில்லை. "நாலு கட்டு முடிக்கிற வரைக்கும் ஓடுச்சு" என்றார். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. அவர் மணிக்கு நூறு பீடி சுற்றும் கை உடையவர். அப்படியென்றால் ஒரு கட்டு என்பது ஏறத்தாழ கால் மணி நேரம். நாட்குறிப்பை அச்சிட்டவர்கள் போட்டு வைத்த கட்டமும் அவருடைய கட்டும் ஒன்றாகவே இருந்தன. அன்றைக்கு நான் அவரிடம் கடிகாரத்தை மறந்துவிட்டு, கட்டுக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். மேற்பார்வையாளர் அறிந்திருந்தால் திட்டியிருப்பார்.

அடுத்த வாரம் போய் வாங்கியபோது கோடுகள் ஒழுங்காக இருந்தன, ஆனால் வியாழனும் வெள்ளியும் வெறுமையாக இருந்தன. மறந்துவிட்டாரோ என்று கேட்டதற்கு, அந்த இரண்டு நாளும் பீடிக்கடையில் இலை போடவில்லை என்றார். இலை இல்லையென்றால் சுற்று இல்லை, சுற்று இல்லாத நாளில் வானொலியும் இல்லை. அடுப்படியிலும் வயலிலும் வேறு வேலை இருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த முழு வாரத்திலும் மிக உண்மையான பதில் அந்த இரண்டு வெற்றுப் பக்கங்கள்தாம். அலுவலகத்தில் அதை 'அரைகுறையாக நிரப்பியது' என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான வீடும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திருநெல்வேலி வானொலியைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை, தினமும் காலைச் செய்தியைத் தவறவிடுவதில்லை என்று உறுதியாகச் சொன்னார். பெட்டியைக் காட்டச் சொன்னேன். பின்மூடியைத் திறந்தபோது பேட்டரிகள் கசிந்து பச்சை பூத்திருந்தன. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கம் நின்றுபோனதை மனம் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நினைவைக் கேட்டு எடுக்கும் எந்தக் கணக்கிலும், பழைய, பெயர்பெற்ற, மதிப்பான நிலையங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். வழியில் காதில் விழுந்த நிலையத்துக்குக் குறைவாகவே கிடைக்கும்.

இதைத் தவிர்க்கத்தான் கருவிகள் வந்தன. சுவிட்சர்லாந்தில் 2001 முதல் கைக்கடிகாரம் போன்ற ஒன்றைக் கட்டிவிட்டு, அது பதிவு செய்யும் ஒலித்துணுக்குகளை நிலையங்களின் ஒலிபரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2007 முதல் பெரிய நகரங்களில், காதுக்குப் புலப்படாத குறியீட்டை ஒலிபரப்பிலேயே கலந்து, இடுப்பில் மாட்டிய சிறு கருவி அதைப் பிடிக்கும்படி செய்தார்கள். அங்கே தெரியவந்தது சுவையானது: மக்கள் தாம் எழுதியதைவிட அதிக நிலையங்களைக் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றையும் தாம் எழுதியதைவிடக் குறைந்த நேரமே கேட்கிறார்கள். கருவிக்கும் ஒரு குறை உண்டு. டீக்கடையில் அலறும் வானொலி, அருகே நின்று பேசிக்கொண்டிருப்பவரின் காதில் விழுந்தாலும் அவர் கேட்டதாகவே அது எழுதிவிடும். நாட்குறிப்பு மனத்தில் நின்றதை எண்ணுகிறது, கருவி காதருகே ஒலித்ததை எண்ணுகிறது.

அரசு வானொலியும் வணிக வானொலியும் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு சண்டையிட்டது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. பிரிட்டனில் பிபிசி, நேற்று என்ன கேட்டீர்கள் என்று மக்களைக் கேட்டு ஒரு கணக்கு எடுத்தது. வணிக நிலையங்கள் நாட்குறிப்பு வைத்து இன்னொரு கணக்கு எடுத்தன. முறை வேறானதால் விடையும் வேறாக வந்தது, விளம்பரதாரர்கள் எதையும் நம்பவில்லை. கடைசியில் 1992-இல் இரு தரப்பும் சேர்ந்து, செலவைப் பகிர்ந்து, ராஜர் என்ற பொது அமைப்பை உருவாக்கின. எதிரெதிர் கடைக்காரர்கள் இருவரும் ஒரே தராசில் நிறுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது போல என்று வையுங்கள். 2020-இல் கொரோனாவால் களப்பணி நின்றுபோய், மறு ஆண்டு நாட்குறிப்போடு கைபேசிச் செயலியையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள்.

இந்தியாவில் அத்தகைய பொதுத் தராசு நெல்லையை எட்டவில்லை. தொலைக்காட்சி நேயர்களை அளந்துவந்த டாம் நிறுவனம் 2007-இல் தொடங்கிய 'ராம்' என்ற வானொலி அளவீடு நாட்குறிப்பு முறையில் முக்கியமாக மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களிலேயே நடந்தது. நாடு தழுவிய வாசகர் கணக்கெடுப்பான ஐஆர்எஸ், 2019 வரை செய்தித்தாளோடு வானொலியையும் பற்றிக் கேட்டு வந்தது. அதுவும் எப்போதாவது எடுத்த புகைப்படம்தான், அன்றாடக் கணக்கு அல்ல. ஆகாசவாணிக்குத் தனியே நேயர் ஆய்வுப் பிரிவு உண்டு, அதன் நோக்கமும் வேறு. விளம்பர நேரத்துக்கு விலை வைப்பதைவிட, விவசாய நிகழ்ச்சியையோ சிறுவர் நிகழ்ச்சியையோ எவரேனும் கேட்கிறார்களா என்று அறிவது அதற்கு முக்கியம். அதிக நேயர் இல்லாத நிகழ்ச்சியையும் நடத்துவதற்காகவே பொது நிலையம் இருக்கிறது என்பதால், அதன் எண்ணைத் தனியார் நிலையத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இங்கே அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி நேரத்தில் போட்டியே சமமாக இல்லை.

இந்த அளவீடுகளுக்கெல்லாம் முந்தைய காலத்தில் கணக்கு என்றால் தபால்தான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு நம் கரையோர ஊர்களிலிருந்து போன நேயர் விருப்ப அஞ்சலட்டைகளுக்கு அளவில்லை. எங்கள் பெரியப்பா ஒரே பாட்டுக்கு வீட்டில் இருந்த எல்லோர் பெயரிலும், பிறந்து மூன்று மாதமே ஆன என் அத்தை மகள் பெயரையும் சேர்த்து, தனித்தனி அட்டை போடுவார். ஒருவருடைய ஆர்வம் எட்டுப் பேராகப் போய்ச் சேர்ந்தது. இன்றைய வாட்ஸ்அப் செய்திகளையும் தொலைபேசி அழைப்புகளையும் காட்டி நேயர் பலம் சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் மைக்கூடு நினைவுக்கு வருகிறது.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, தரையோடு ஒட்டிப் பரவிக் கோவில்பட்டிக் கரிசலுக்கும் திருச்செந்தூர்த் தேரிக்கும் போகிறது. பண்பலையோ ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. பொதிகை மலையடிவாரத்தில் ஒரு தெருவில் தெளிவாகக் கேட்பது அடுத்த தெருவில் இரையும். உவரி, இடிந்தகரைப் பக்கம் மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கைப் பண்பலைகள் சில நாள் துல்லியமாகவே விழும். தெற்கே குமரி பண்பலை கேட்கும். எங்கள் படிவத்தில் இலங்கை நிலையத்துக்குக் கட்டமே கிடையாது, 'மற்றவை' என்று எழுத வேண்டும். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. ஆய்வுக்காரர்கள் மாவட்ட எல்லையை வைத்தே வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒலியலைக்கோ அந்த எல்லை தெரியாது. உங்கள் கடைக்கு ஆலங்குளத்திலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் ஆள் வருவார்கள் என்றால், 'நெல்லை மாவட்டத்தில் முதலிடம்' என்ற சொல் உங்களுக்குப் பாதிதான் பயன்படும்.

ஆகவே, உங்களிடம் எண் சொல்பவரிடம் சிலவற்றைத் திருப்பிக் கேளுங்கள். அது ஆட்களின் எண்ணிக்கையா, கேட்ட நேரத்தின் பங்கா? எந்த மாதத்தில், எந்த ஊர்களில், எத்தனை பேரிடம் எடுத்தது? பணத்தை யார் கொடுத்தார்கள்? நானூறு பேரை முறையாகக் குலுக்கி எடுத்துக் கேட்டிருந்தால்கூட, விடையில் ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். அதில் ஒரு நிலையத்துக்கு 15 விழுக்காடும் மற்றதற்கு 12 விழுக்காடும் வந்திருந்தால், அந்த வேறுபாட்டை வைத்து விலை பேச முடியாது. அந்த நானூறிலும் சமையல் பாத்திரம் வாங்கும் இல்லத்தரசிகள் ஐம்பது பேர்தான் என்றால், தடுமாற்றம் பதினான்கு விழுக்காட்டுக்குப் போய்விடும்.

பிறகு, உங்கள் கடைக்கென்று ஒரு கணக்கை நீங்களே எடுத்துப் பாருங்கள். இரண்டு நிலையங்களில் விளம்பரம் கொடுத்தால், ஒன்றில் இட்லிக் கொப்பரைக்கும் மற்றதில் குத்துவிளக்குக்கும் சலுகை சொல்லுங்கள். எந்தப் பொருளைக் கேட்டு வருகிறார்கள் என்று பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிலையத்தில் கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ரேடியோவுலதான் சொன்னாவ அண்ணாச்சி" என்பதற்கு மேல் பதில் வராது.