கறுத்த சிறுநீரும் ‘நார்மல்’ ரிப்போர்ட்டும்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, எடை 18 கிலோ. போன மாதம் காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளானது. ஹீமோகுளோபின் 5.8 என்று ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் எடுத்த ஜி6பிடி டெஸ்ட் ‘நார்மல்’. என் கணவர் எனக்குத் தாய்மாமா. மலேரியா மாத்திரை சாப்பிட்டு அவருக்கும் இப்படி ஆகி, ஜி6பிடி குறைவு என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். ‘அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது’ என்கிறார்கள். 3 வயதில் மகளும் இருக்கிறாள். அவரைக்காயை நிறுத்திவிட்டோம். வேறு என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் நொதி. குறைபாடு உள்ளவர்களுக்கு அணு வயதாக ஆக இது இன்னும் வற்றிப்போகும். அதனால் முதலில் உடைபவை வயதான அணுக்கள். மிஞ்சுபவையும் எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பும் புது அணுக்களும் நொதி கூடுதலாக உள்ளவை. போதாக்குறைக்கு, ஏற்றிய ரத்தம் வேறொருவருடையது. அந்த நேரத்தில் அளந்தால் நார்மல் என்று வருவதில் வியப்பே இல்லை.

ரத்தம் ஏற்றிய தேதியிலிருந்து 3 மாதம் கழித்து மறுபடி எடுங்கள். ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்லும் டெஸ்ட் வேண்டாம். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் என்று எண்ணில் தரும் டெஸ்டாகக் கேளுங்கள். கூடவே ரெட்டிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த சிவப்பணு) எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இன்னும் ஏறியிருந்தால் இந்த முடிவும் ஏமாற்றும். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம், வேலூரிலேயே செய்யலாம்.

டிஸ்சார்ஜ் காகிதங்களில் சிறுநீர் ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். ஸ்ட்ரிப்பில் ரத்தம் 3 பிளஸ், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றிருந்தால், அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்து ஹீமோகுளோபின் மட்டும் வடிந்திருக்கிறது என்று பொருள். இது கல்லீரல் காமாலை அல்ல. கீழாநெல்லிக்கு இங்கே வேலை இல்லை. உடலின் எதிர்ப்புப் புரதமே சிவப்பணுவைத் தாக்குகிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட் நெகட்டிவா என்றும் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் அது வேறு நோய், வைத்தியமும் வேறு. சிறுநீர் கறுக்காத நாட்களிலும் பையன் வெளிறி, மண்ணீரல் வீங்கி இருந்தால் பைருவேட் கைனேஸ் குறைபாடு, ஸ்பீரோசைட்டோசிஸ் போன்ற, சிவப்பணு உடையும் வேறு பரம்பரை நோய்களையும் தேட வேண்டும்.

அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது என்பது உண்மைதான். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. ஆனால் உங்கள் கணவருக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து, அதாவது உங்கள் பாட்டியிடமிருந்து வந்தது. அதே எக்ஸ் உங்கள் அம்மாவுக்கும், அவர் வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இந்தக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மகளைப் பற்றித்தான் அதிக யோசனை. அப்பாவின் ஒரே எக்ஸ் மகளுக்குக் கட்டாயம் போயிருக்கும். மகனுக்குக் குறைபாடு உறுதியானால் நீங்களும் அதைச் சுமப்பவர் என்றாகிறது. அப்போது மகளின் இரண்டு எக்ஸிலும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு. ‘பெண்களுக்கு வராது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவளுக்கு ரத்தம் உடையவும் இல்லை, ஏற்றவும் இல்லை என்பதால் 3 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே எடுக்கலாம்.

முடிவு தெரியும்வரை இருவரையும் குறைபாடு உள்ளவர்களாகவே நடத்துங்கள். பிரைமாகுவின், டாஃப்சோன், நைட்ரோஃபுரான்டோயின், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் புளூ ஆகிய மருந்துகள் கூடாது. டாஃப்சோன் தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் மாத்திரை. வீட்டில் யாராவது சாப்பிட்டால் எட்டாத இடத்தில் வையுங்கள். பாராசிட்டமால் கொடுக்கலாம். 18 கிலோவுக்கு, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் ஒரு வேளைக்கு 5 மில்லி, 6 மணி நேர இடைவெளியில். போன மாதம் கொடுத்த மாத்திரையின் அட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனாலும் மாத்திரைதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம், காய்ச்சலைக் கிளப்பிய தொற்றே இதைச் செய்யும்.

பீரோவிலும் பெட்டியிலும் போடும் பாச்சை உருண்டையை இன்றே வெளியேற்றுங்கள். அதிலுள்ள நாப்தலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறும். அதோடு இருந்த துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகே பிள்ளைகளுக்குப் போடுங்கள். மருதாணியும் வேண்டாம், அதைப் பூசி ரத்தம் உடைந்த குழந்தைகள் உண்டு.

அவரைக்காயைத் தாராளமாகச் சமையுங்கள். ஆகாதது வடக்கே பாக்லா என்று விற்கும் ஃபாவா பீன்ஸ். நம்மூர் அவரை, கொத்தவரை, துவரை எல்லாம் வேறு செடிகள்.

இரும்புச்சத்து டானிக் தேவையில்லை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மட்டும் தரலாம். தடுப்பூசி எதையும் நிறுத்த வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போடவில்லை என்றால் போட்டுவிடுங்கள். இந்தக் குறைபாட்டோடு அந்தக் காமாலையும் சேர்ந்தால் ரத்தம் மளமளவென்று உடைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும்.

மறுபடி சிறுநீர் கறுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவானாலும் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். காலையில் 9 இருந்தது ராத்திரிக்குள் 6 ஆகிவிடக்கூடும்.