ஸ்மார்ட் கண்ணாடி: ஆள் வந்தால் எரிய, இரவில் அணைந்தே கிடக்க

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, பழைய 24 அங்குல மானிட்டர், அதன் முன்னால் இருவழிக் கண்ணாடி என்று வைத்து ஸ்மார்ட் கண்ணாடி ஒன்று செய்து படுக்கையறையில் மாட்டியிருக்கிறேன். கண்ணாடியில் நாட்காட்டி போன்றவற்றைக் காட்டும் மேஜிக்மிரர் மென்பொருள் நன்றாக ஓடுகிறது. ஆனால் திரை இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கிறது. இரவில் அணைந்திருக்க வேண்டும், பகலில் யாராவது எதிரே வந்தால் மட்டும் எரிய வேண்டும். ஆள் அசைவை உணரும் பிஐஆர் சென்சாரைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. திரையை அணைக்கும் கமாண்டைக் கையால் அடித்தால் வேலை செய்கிறது, குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் செய்வதில்லை. பேசாமல் ஸ்மார்ட் பிளக் வாங்கி மொத்தமாக மின்சாரத்தைத் துண்டித்துவிடலாமா?

பதில்: சென்சார் கெட்டுப்போகவில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிஐஆர் பார்ப்பது நம் உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை. அவற்றின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கும். நம் கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், அந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி ஒரு சுவர்தான். அக்ரிலிக்கும் அப்படியே. சென்சாரின் மேல் இருக்கும் வெள்ளைக் குமிழ் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவதே அது இந்தக் கதிர்களை உள்ளே விடும் என்பதால்தான். ஆகவே பிஐஆர் என்றால் அந்தக் குமிழ் சட்டத்துக்கு வெளியே தலை நீட்டியாக வேண்டும், வேறு வழி இல்லை. சட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒரு துளை போட்டால் அவ்வளவாகக் கண்ணில் படாது.

துளை போட மனமில்லை என்றால் ரேடார் சென்சார் இருக்கிறது. ஆர்சிடபிள்யூஎல்-0516 போன்ற மைக்ரோவேவ் சென்சார்கள் கண்ணாடி, மரம் இரண்டையும் ஊடுருவும். சிக்கல் என்னவென்றால் மெல்லிய சுவரையும் ஊடுருவும். பக்கத்து அறையில் யாராவது நடந்தாலும், ஏன், மின்விசிறி சுற்றினாலும்கூட உங்கள் திரை எரியும். எல்டி2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அதைவிடச் சமர்த்து. எவ்வளவு தூரம் வரை பார்க்க வேண்டும் என்று 75 சென்டிமீட்டர் படிகளாக அதில் எல்லை வைக்கலாம். அசையாமல் நிற்பவரையும் மூச்சின் அசைவை வைத்தே கண்டுபிடித்துவிடும். ஆனால் இருவழிக் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அது ரேடார் அலைகளை ஓரளவு மட்டுப்படுத்தும். எனவே ஒட்டுவதற்கு முன் கண்ணாடிக்குப் பின்னால் கையில் பிடித்தபடி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு பிஐஆர்தான் பிடித்திருக்கிறது. கண்ணாடி இருப்பது படுக்கையறையில். தூங்குபவரின் மூச்சையும் கேட்கும் ரேடார் அங்கே தேவைதானா?

அடுத்தது கிரான். நீங்கள் டெர்மினலில் கமாண்ட் அடிக்கும்போது, திரையில் ஓடும் அமர்வு எது, அதோடு எப்படிப் பேசுவது என்ற விவரமெல்லாம் அந்த டெர்மினலிடம் ஏற்கெனவே இருக்கிறது. கிரானுக்கு அது எதுவும் தெரியாது. வெறுங்கையோடு வந்து ‘எந்தத் திரை?’ என்று விழித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடும். பையின் திரையிலேயே டெர்மினலைத் திறந்து ‘என்வ்’ என்ற கமாண்டை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வரிசையாக வரும் மாறிகளில் வேலேண்ட் (திரையில் படம் காட்டும் புதிய முறை) பெயரோடு வரும் வரியையும், ரன்டைம் என்ற சொல் வரும் வரியையும் அப்படியே எடுத்து கிரான் கோப்பின் தலைப்பகுதியில் ஒட்டுங்கள். அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11 அமர்வு என்றால் டிஸ்ப்ளே என்ற வரி ஒன்றே பெரும்பாலும் போதும். எழுதுவது உங்கள் பயனரின் கிரானில் இருக்க வேண்டும், நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கிரானில் அல்ல. கமாண்டின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால், அப்படியும் ஓடாதபோது காரணம் அதில் எழுதியிருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு குழி. பையின் விசிஜென்கமாண்ட் என்ற கருவியை வைத்துத் திரையை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. 2021 நவம்பரில் வந்த ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புல்ஸ்ஐ பதிப்பில் திரையை இயக்கும் டிரைவரே மாறிவிட்டது, அதிலிருந்து அந்த வழி பெரும்பாலும் பலிப்பதில்லை. 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பில் பை 4, பை 5 இரண்டும் வேலேண்டுக்கு மாறின. அங்கே டபிள்யூஎல்ஆர்-ராண்டர் அல்லது டபிள்யூஎல்ஓபிஎம் என்ற கமாண்ட் பயன்படும். முதலாவது அந்த வெளியீட்டையே அமைப்பிலிருந்து கழற்றிவிடும். திரும்ப மாட்டும்போது, செங்குத்தாகத் திருப்பி வைத்திருந்த திரை படுத்துக்கொண்டு வர வாய்ப்பு உண்டு, அதனால் திருப்பும் கோணத்தையும் அதே கமாண்டில் சேர்த்துக் கொடுப்பது நல்லது. இரண்டாவது திரையைத் தூங்க மட்டும் வைக்கும், மற்றதைத் தொடாது. ஸ்மார்ட் கண்ணாடிக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அணைந்ததா என்பதை எப்படிப் பார்ப்பது? கறுப்புப் படம் காட்டுவது அணைப்பது ஆகாது. எல்சிடி திரையில் படம் முழுக் கறுப்பாக இருந்தாலும் பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடி சாம்பல் நிறமாக மங்கலாகத் தெரிந்தால் திரை விழித்திருக்கிறது. மானிட்டரின் சின்ன விளக்கு நீலத்திலிருந்தோ பச்சையிலிருந்தோ ஆரஞ்சுக்கு மாறினால் உண்மையாகவே தூங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் சில நொடிகள் ‘சிக்னல் இல்லை’ என்ற செய்தி மிதக்கும். சகித்துக்கொள்ள வேண்டியதுதான். மானிட்டருக்குப் பதில் டிவி வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ வழியே போகும் சிஇசி கட்டளையால் அதை நேராகவே அணைக்கலாம். கம்ப்யூட்டர் மானிட்டர்களில் பெரும்பாலும் சிஇசி கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். கிரான் 11 மணிக்குத் திரையை அணைக்கும். 11:05-க்கு நீங்கள் புரண்டு படுப்பீர்கள், சென்சார் உடனே எரிய வைக்கும். இரண்டு எஜமானர்கள் தனித்தனியாக உத்தரவு போட்டால் இப்படித்தான் ஆகும். அதனால் கிரானைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டு, அப்புறம் அதை எடுத்தேவிடுங்கள். முடிவெடுப்பது ஒரே ஒரு ஸ்கிரிப்டாக (சின்ன நிரலாக) இருக்கட்டும். சென்சார் தகவல் மட்டும் சொல்லட்டும். ஸ்கிரிப்ட் முதலில் மணியைப் பார்க்கும், இரவு என்றால் சென்சார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாது. பகல் என்றால் அசைவு தெரிந்ததும் எரிய வைக்கும், கடைசி அசைவிலிருந்து மூன்று நிமிடம் கழித்து அணைக்கும். எரிவதில் அவசரம், அணைவதில் நிதானம். பிஐஆருக்கு அசைவுதான் தெரியும், அசையாமல் நின்று நாட்காட்டியைப் படிப்பவர் அதன் கணக்கில் இல்லாத ஆள். 30 நொடி என்று வைத்தால் படித்துக்கொண்டிருக்கும்போதே திரை போய்விடும்.

திரை இப்போது எரிகிறதா இல்லையா என்பதையும் ஸ்கிரிப்ட் நினைவில் வைத்திருக்கட்டும். நிலை மாறும்போது மட்டும் கமாண்ட் போனால் போதும், ஒவ்வொரு அசைவுக்கும் அனுப்ப வேண்டாம். இந்த ஸ்கிரிப்டை டெஸ்க்டாப் தொடங்கும்போதே ஆட்டோஸ்டார்ட்டில் ஓடவிட்டால், அமர்வின் விவரங்கள் தானாகவே அதற்குக் கிடைத்துவிடும். கிரானோடு பட்ட பாடு இங்கே இல்லை. பைத்தானில் ஜிபிஐஓஜீரோ நூலகத்தில் இதற்கென்றே மோஷன் சென்சார் வகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது. நாளைக்கு பை 5-க்கு மாறினாலும் அது ஓடும். பழைய ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகத்தை நம்பும் மேஜிக்மிரர் மாட்யூல்கள் பை 5-இல் ஓடாது.

உங்கள் சென்சார் எச்சி-எஸ்ஆர்501 வகை என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கம்பி எந்தக் காலுக்கு என்ற எழுத்துகள் பல பலகைகளில் வெள்ளைக் குமிழுக்கு அடியில் ஒளிந்திருக்கும், குமிழை மெல்ல இழுத்தால் கழன்று வரும். மின்சாரத்தை பையின் 2-ஆம் பின்னிலிருந்து 5 வோல்ட்டாகக் கொடுங்கள், தரைக் கம்பி 6-க்கு, வெளியீடு 7-க்கு. வெளியீடு 3.3 வோல்ட்தான், பைக்கு ஆபத்தில்லை. பலகையில் இரண்டு திருகுகள் இருக்கும். நேரத் திருகைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிடுங்கள், நேரக் கணக்கு ஸ்கிரிப்டின் வேலை. பலரும் இதை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு ஸ்கிரிப்டில் பிழை தேடுகிறார்கள். ஜம்பர் என்ற சின்னச் செருகி ‘எச்’ எழுத்தின் பக்கம் இருக்கட்டும். மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது கண்டபடி சிக்னல் கொடுக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆளே இல்லாதபோது திரை எரிந்தால் சென்சாரை பையின் வைஃபையிலிருந்தும் மானிட்டரின் சூட்டிலிருந்தும் சற்றுத் தள்ளி வையுங்கள். கட்டில் பக்கம் பார்க்கும் பகுதியில் குமிழின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் அந்தப் பக்கம் அதற்குக் குருடு.

பிஐஆர் தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை எளிதாகப் பிடிக்கும். தூக்கத்திலிருந்து எழ மானிட்டருக்குச் சில நொடிகள் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணாடிக்கு நேர் எதிரில் நிற்கும் இடத்தைவிட, அங்கே வந்து சேரும் வழியைச் சென்சார் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது நல்லது. நீங்கள் வந்து நிற்கும்போது திரை தயாராக இருக்கும். உங்கள் பழைய மானிட்டரின் பேக்லைட் எல்இடியா, குழல் விளக்கா என்றும் பார்த்துவிடுங்கள். குழல் விளக்கு என்றால் அடிக்கடி அணைத்து எரிப்பதில் அதன் ஆயுள் தேயும், மூன்று நிமிடத்தைப் பத்தாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்மார்ட் பிளக். பையை அதில் மாட்டவே கூடாது. ஷட்டவுன் செய்யாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெட ஆரம்பிக்கும், என்றாவது ஒருநாள் பை எழவே மாட்டேன் என்னும். மானிட்டரை மட்டும் மாட்டலாம், ஆனால் மிச்சம் பெரிதாக இருக்காது. 20 வாட் எடுக்கும் மானிட்டர் நாள் முழுக்க எரிந்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் செலவில் பெரும்பகுதி திரையைத் தூங்க வைத்தாலே நின்றுவிடும், பிளக் அதற்கு மேல் காப்பாற்றுவது சொற்பம். அப்படியும் வேண்டும் என்றால், வாங்குவதற்கு முன் மானிட்டரின் பிளக்கைக் கையால் பிடுங்கிப் பத்து நொடி கழித்துத் திரும்பச் சொருகிப் பாருங்கள். தானாக எரிந்தால் சரி. பொத்தானை அழுத்தும்வரை அது காத்திருந்தால் ஸ்மார்ட் பிளக்கால் உங்களுக்குப் பயனில்லை.