கேள்வி–பதில்: உலகப் பண்பாட்டு அருங்காட்சியகங்கள்

கேள்வி: இறகு அணிகளும் பழந்துணிகளும் இருக்கும் கூடங்கள் மட்டும் ஏன் இவ்வளவு மங்கல்? எல்.இ.டி. விளக்குதான் வந்துவிட்டதே?

பதில்: எல்.இ.டி.யில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே சாயத்தை வெளுக்க வைக்கும். போன நிறம் திரும்பாது. அதனால் துணி, இறகு, காகிதம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) என்பதே வழக்கமான வரம்பு. சாயமேறாத மரத்துக்கு 200 வரை போகலாம். கல்லுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஒளியின் அளவோடு நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. 200 லக்ஸ் வைத்தால் 75 நாளிலேயே அந்த அளவு வந்துவிடும். போன முறை பார்த்த அங்கி இம்முறை காணவில்லை என்றால், அதை இருட்டறையில் ஓய்வுக்கு அனுப்பியிருப்பார்கள். வெயில் கொட்டும் முன்கூடத்திலிருந்து நேரே 50 லக்ஸ் அறைக்குள் நுழைய விடுவது வடிவமைப்புக் கோளாறுதான். வெளிச்சம் படிப்படியாகக் குறைய வேண்டும். நீங்களும் சில நிமிடம் நின்று, கண் பழகிய பிறகு பாருங்கள்.

கேள்வி: நன்கொடையாகக் கொடுத்த கம்பளி விரிப்பை முதலில் ஃப்ரீசரில் வைத்தார்களாமே?

பதில்: அந்துப்பூச்சியின் முட்டை ஒன்று உள்ளே போனாலும் சேமிப்பறை முழுவதற்கும் ஆபத்து. பொருளை டிஷ்யூ தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டுவார்கள். மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள். மைனஸ் 20 என்றால் ஒன்றிரண்டு வாரம். குளிர்ச்சி சட்டென்று இறங்க வேண்டும். மெல்ல இறங்கினால் பூச்சி குளிருக்குப் பழகித் தப்பிவிடும்.

பலர் தவறுவது கடைசிப் படியில்தான். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் குளிர்ந்த பொருளின் மேல் நீர் கோத்து, பூஞ்சைக்கு வழியாகும். குறைந்தது 24 மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். வண்ணம் பூசிய மரம், தந்தம், இழுத்துக் கட்டிய பறைத்தோல் ஆகியவற்றுக்கு இந்த முறை வேண்டாம், விரிசல் விடும். பழைய இறகு, தோல் பொருள்களில் பூச்சிக்காக ஆர்செனிக் தடவியிருக்கக்கூடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: கொள்ளையடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால் அருங்காட்சியகங்கள் காலியாகிவிடாதா?

பதில்: ஆகாது. 1892இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபோமே அரண்மனையிலிருந்து பிரெஞ்சுப் படை எடுத்துச் சென்ற 26 பொருள்களை, பாரிஸ் கே பிரான்லி அருங்காட்சியகத்திலிருந்து 2021இல் பெனின் நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பொருள்கள் மட்டும் அந்த அருங்காட்சியகத்தில் சுமார் 70,000. கொடுத்தது மிகக் குறைவு என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: பிள்ளைகள் பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் நிகழ்ச்சியை எப்படி நடத்துவது?

பதில்: மூலச் சேகரிப்பை எடுக்காதீர்கள், தொடுவதற்கென்றே தனித் தொகுப்பு வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றச் சொல்லுங்கள். மரத்துக்கும் கூடைக்கும் கழுவி உலர்த்திய வெறுங்கை நல்லது, கையுறை வழுக்கும். உலோகத்துக்கு மட்டும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை, வியர்வை உப்பு அரிக்கும் என்பதால். மெத்தென்ற துணி விரித்த மேசைக்கு மேல், இரண்டு கையாலும், அடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கைப்பிடியைப் பற்றித் தூக்கக் கூடாது. முதலில் விட்டுப்போவது கைப்பிடி சேரும் இணைப்புதான். பொருளின் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கறை படிந்திருக்கிறது என்று கேளுங்கள். எந்தக் கை அதை எப்படிப் பிடித்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.